மூச்சு நின்றது, உயிர் நிற்கவில்லை!

கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பாருங்கள்.

எத்தனை விநாடி தாங்கியது? முப்பதா? நாற்பதா? முத்துக் குளிப்பவரைப் போலப் பழகியவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மற்றவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு முட்டிவிடும்.

லண்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஒருவர் 65 நிமிடம் மூச்சு இழுக்காமல் கிடந்தார். மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. அவருடைய தொண்டைக்குள் டாக்டர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அவருடைய ரத்தத்தில் பிராண வாயு ஆபத்தான அளவுக்குக் குறையவில்லை!

இது மந்திரம் அல்ல. யோகப் பயிற்சியும் அல்ல. மூக்கில் வைத்த இரண்டு சிறு குழல்களின் வேலை!

ஒரே வாசல், இரண்டு பேர்

வயிற்றில் ஆபரேஷன் என்றால், ஆபரேஷன் செய்யும் டாக்டர் வயிற்றின் பக்கம் நிற்பார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் தலைமாட்டில் இருப்பார். அவர் நோயாளியின் வாய் வழியாக, மூச்சுக் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிடுவார். இயந்திரம் அதன் வழியே காற்றை ஊதும். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கே வருவதில்லை.

தொண்டை ஆபரேஷன் அப்படி அல்ல.

ஆண்களின் கழுத்தில் ஒரு மேடு துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதற்கு உள்ளேதான் குரல்வளை இருக்கிறது. அதற்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து அதிரும். மூச்சு விடும்போது விலகி வழிவிடும். நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். பாட்டு, பேச்சு, தாலாட்டு, சண்டை எல்லாம் அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் பிறக்கின்றன!

அங்கே ஒரு சிறு கட்டி முளைத்தால் குரல் கரகரக்கும். கட்டி பெரிதானால் மூச்சே அடைக்கும். அதை வெட்டி எடுக்க வேண்டும். ஆபரேஷன் டாக்டருக்கு அந்த வழி வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கும் அதே வழி வேண்டும். ஒரே வாசலில் இருவரும் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

இந்தப் போராட்டம் இன்று நேற்று வந்தது அல்ல. 1854-ல் மானுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர், பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் நீட்டி, சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பித் தம்முடைய குரல் நாண்களையே பார்த்தார். தொண்டைக்குள் எட்டிப் பார்க்கும் வழியைக் காட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார்! அவர் 101 வயது வரை வாழ்ந்தார்.

பார்த்தால் போதுமா? அறுக்க வேண்டுமே! அந்தக் காலத்தில் வாய்க்குள் பெரிய ஆபரேஷன் என்றால், கழுத்தில் துளை போட்டு அதன் வழியே மயக்கம் கொடுத்தார்கள். 1878-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில், வில்லியம் மெக்யூன் என்ற டாக்டர் அந்த வழக்கத்தை மாற்றினார். நோயாளி சுவருக்குச் சாந்து பூசும் தொழிலாளி. அடிநாக்கில் புற்றுநோய். அவர் விழித்திருக்கும்போதே வாய் வழியாக மூச்சுக் குழாய்க்குள் உலோகக் குழாயைச் செருகி, அதன் வழியே குளோரோபாரம் கொடுத்து ஆபரேஷனை முடித்தார் மெக்யூன். விழித்துக்கொண்டே குழாயை உள்ளே வாங்கிய அந்தத் தொழிலாளியின் துணிச்சலையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று வந்த குழாய் இன்றும் இருக்கிறது. கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குரல் நாணில் வேலை என்றால் அது இடைஞ்சல்தான். மெல்லிய குழாயைப் போட்டாலும், பின்பக்கம் உள்ள கட்டியை அது மறைத்துக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே சுருங்கிப்போன வழியில் குழாயே நுழையாமலும் போகும்.

குழாய் இல்லாமல் செய்ய முடியாதா?

குடத்தில் எவ்வளவு தண்ணீர்?

மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரல் காலியாவதில்லை. சுமார் இரண்டரை லிட்டர் காற்று உள்ளே தங்கியிருக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராண வாயு. ஆகவே கையிருப்பு அரை லிட்டர். படுத்துத் தூங்கும் உடம்புகூட நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவழிக்கும். கையிருப்பு முழுவதையும் துடைத்து எடுக்கவும் முடியாது. ஆகவே மூச்சு நின்றால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் ஆபத்து தொடங்கிவிடும்.

மயக்கம் கொடுக்கும் முன்பு, சில நிமிடம் சுத்தமான பிராண வாயுவை இழுக்கச் சொன்னால்? அந்த இரண்டரை லிட்டரும் பெரும்பாலும் பிராண வாயுவாகவே நிரம்பிவிடும். குடம் நிறைந்தது! ஆரோக்கியமானவர்களுக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் தாங்கும். ஆனால் உடல் பருத்தவர்களுக்கு அவ்வளவு தாங்காது. அவர்கள் படுத்தால் வயிறு மேலே அழுத்தும், குடமே சிறிதாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

எட்டு நிமிடத்தில் குரல் நாணில் ஆபரேஷன் செய்ய முடியுமா? அவசரப்பட்டால் குரல் போய்விடும்!

திரி எண்ணெயை இழுப்பது போல

1959-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் ஒரு விஷயத்தை எழுதினார்கள். இன்று படித்தாலும் திகைப்பாக இருக்கும். மயக்கத்தில் இருந்த எட்டு நோயாளிகளுக்கு, தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தினார்கள். மூச்சுக் குழாயில் பிராண வாயுவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஊதவில்லை, அழுத்தவில்லை. 18 நிமிடம் முதல் 55 நிமிடம் வரை அப்படியே விட்டார்கள். எட்டுப் பேருக்கும் பிராண வாயு குறையவில்லை. எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

மார்பு அசையாமல் வாயு எப்படி உள்ளே போனது?

அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை யாரும் திரியின் நுனிக்கு ஊற்றுவதில்லை. நுனியில் எரிய எரிய, கீழே இருந்து எண்ணெய் தானே ஏறி வருகிறது. நுரையீரலிலும் அப்படித்தான். ரத்தம் நிமிடத்துக்குக் கால் லிட்டர் பிராண வாயுவை உறிஞ்சுகிறது. மூச்சு நின்றிருக்கும்போது அதற்குப் பதிலாகத் திரும்பி வரும் கரியமில வாயு மிகக் கொஞ்சம். மற்றது ரத்தத்திலும் சதையிலும் தங்கிவிடுகிறது. ஆகவே நுரையீரலில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம், தொண்டையில் இருக்கும் பிராண வாயுவைக் கீழே இழுத்துக்கொள்கிறது. தொண்டையில் பிராண வாயு நிற்க வேண்டும். வழி திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. தங்கிவிடுகிறது என்று சொன்ன கரியமில வாயு, வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக 40 என்ற கணக்கில் இருக்க வேண்டியது, அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கு 250 வரை ஏறியது. நல்ல வேளை, அவர் தப்பினார்.

மூக்கில் வீசும் ஈரக் காற்று

கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், மூக்கில் இரட்டைக் குழல் மாட்டிய நோயாளிகளைப் பல குடும்பங்கள் நேரிலேயே பார்த்தன. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாதாரணக் குழல். நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் பிராண வாயு வரும். அதற்குமேல் திறந்தால் மூக்கு காய்ந்து எரியும், ரத்தம்கூடக் கசியும்.

இன்னொன்று, அதிவேகக் குழல். இதில் நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் பாயும்! அவ்வளவு காற்றை மூக்கு எப்படித் தாங்குகிறது? ரகசியம் தண்ணீரில் இருக்கிறது. இயந்திரத்தில் சூடான தண்ணீர்க் கலம் ஒன்று உண்டு. வாயு அதைக் கடந்து வரும்போது உடம்புச் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்கு வந்துவிடும். ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் இப்படிப் போகும் ஈரம் மட்டும் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர்! மழை நாளில் ஜன்னலோரம் வீசும் காற்றைப் போல் இருக்குமோ என்றால் இல்லை, அதைவிட வெதுவெதுப்பு. முதல் நிமிடம் திணறல் போலத் தோன்றும். பிறகு பழகிவிடும்.

இந்தக் குழலைத் தொண்டை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், லண்டன் ராயல் நேஷனல் தொண்டை, மூக்கு, காது ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து நிபுணர் அனில் பட்டேல். அவரும் ரேசா நூரையி என்ற தொண்டை நிபுணரும் சேர்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 25 நோயாளிகள். எல்லோருக்கும் குழாய் செருகுவது கடினம். பலர் உடல் பருத்தவர்கள். சிலருக்கு வழி சுருங்கி, மூச்சு விடும்போதே சத்தம் கேட்டது. டாக்டர்கள் பயப்படும் நோயாளிகள் இவர்கள்தான்.

தலைப்பக்கத்தை உயர்த்தி, சாய்ந்த நிலையில் படுக்கவைத்தார்கள். பத்து நிமிடம் மூக்குக் குழலில் 70 லிட்டர் வேகத்தில் பிராண வாயு. பிறகு நரம்பில் மயக்க மருந்து. மூச்சு நின்றது. தாடையை முன்னே தூக்கிப் பிடித்தார்கள். நாக்கு பின்னே விழுந்து வழியை அடைத்தால் எல்லாம் வீண் அல்லவா? குழல் மட்டும் மூக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூச்சு நின்றிருந்த நேரம் ஒருவருக்கு 5 நிமிடம். ஒருவருக்கு 65 நிமிடம். நடுத்தரமாக 14 நிமிடம். ஒருவருக்குக்கூட ரத்தத்தின் பிராண வாயு 90 சதவிகிதத்துக்குக் கீழே போகவில்லை!

கரியமில வாயு ஏறும் வேகமும் பழைய முறையில் இருந்ததில் பாதிக்கும் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். வேகமான காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி விடுகிறது என்றார்கள். பின்னால் வந்த சில ஆராய்ச்சிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு டாக்டர்களுக்குள் நடக்கிறது. ஒன்று நிச்சயம்: கரியமில வாயு ஏறத்தான் செய்கிறது. ஆகவே இந்த முறை சுருக்கமான ஆபரேஷனுக்குத்தான் ஏற்றது.

நெருப்பும் வாந்தியும்

பிராண வாயு நிறைந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? குப்பென்று பற்றும். தொண்டைக் கட்டியை லேசர் ஒளியால் சுடுவது உண்டு. மின்சாரக் கருவியால் தீய்ப்பதும் உண்டு. அதிவேகக் குழல் ஓடும்போது வாய்க்குள் தீப்பிடித்த சம்பவம் வைத்தியப் பத்திரிகையில் வந்திருக்கிறது. ஆகவே லேசர் போடும் முன்பு இரு டாக்டர்களும் பேசி வைத்துக்கொள்வார்கள். பிராண வாயுவின் பங்கைக் குறைத்த பிறகே லேசரைத் தொடுவார்கள்.

இன்னொன்று, வயிறு. குழாய் செருகியிருந்தால், வயிற்றில் இருப்பது மேலே வந்தாலும் மூச்சுக் குழாய்க்குள் இறங்குவதை அது தடுக்கும். குழாய் இல்லாத ஆபரேஷனில் அந்தக் காவல் இல்லை. சாப்பிட்ட உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து உணவு கூடாது என்பது இதனால்தான். பாலும் உணவுதான், பால் விட்ட காபியும் அப்படியே. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். “பாவம், பசிக்குமே!” என்று முந்தானையில் மறைத்து இரண்டு இட்லி கொண்டுவந்து ஊட்டும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அன்புதான். ஆனால் அந்த இரண்டு இட்லியை டாக்டரிடம் மறைப்பது பெரும் தவறு. சொல்லிவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அவ்வளவுதானே?

கண் விழிக்கும் நேரம்

கட்டியை எடுத்தாயிற்று. ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. தொண்டை ஆபரேஷனில் மயங்குவதைவிட விழிப்பதுதான் கண்டம் என்பார்கள்.

ஏன்? குரல் நாண்கள் காவல்காரர்கள். ஒரு சொட்டு ரத்தமோ எச்சிலோ பட்டால் போதும். படீரென்று கதவைச் சாத்திக்கொள்ளும். முழு மயக்கத்தில் காவல்காரர்களும் தூங்குவார்கள். முழு விழிப்பில் இருமித் துப்பிவிடலாம். அரை மயக்கத்தில்தான் வினை. கதவு சாத்திக்கொண்டால் மார்பு இழுக்கும், காற்று போகாது. அப்போது டாக்டர் முகமூடியை அழுத்திப் பிடித்துப் பிராண வாயுவை உள்ளே தள்ளுவார். அதற்கும் திறக்காவிட்டால், மறுபடியும் தசையைத் தளர்த்தும் மருந்து போடுவார். எல்லாம் ஒன்றிரண்டு நிமிடக் கதை.

இது வராமல் தடுக்க, குரல் நாண்கள் மேல் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவைப்பார்கள். ரத்தத்தை உறிஞ்சி எடுப்பார்கள். உள்நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரத்தக் கட்டியைத் தேடிப் பார்ப்பார்கள். அது நழுவி விழுந்து வழியை அடைத்துவிட்டால், சாவுக்குக் காரணம் விசாரிக்கும் அதிகாரிதான் பிறகு அதைக் கண்டுபிடிப்பார். அதனால் அதற்கு ‘மரண விசாரணை அதிகாரியின் கட்டி’ என்றே ஆங்கில டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பயங்கரமான பெயர்! ஆனால் ஒரு முறை கேட்டவர் தேடாமல் விடமாட்டார்.

தசைகளைத் தளர்த்திய மருந்தும் தெளிய வேண்டும். மணிக்கட்டில் மின்சாரத்தால் நான்கு முறை தட்டுவார்கள். பெருவிரல் நான்கு முறை துடிக்கும். நான்காவது துடிப்பும் முதல் துடிப்பைப் போல வலுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கண் திறந்தாலும் மூச்சு இழுக்கத் தெம்பு இருக்காது. மாற்று மருந்துகளில் ஒன்று சுகமாடெக்ஸ். ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. பெயரைக் கேட்டதும் நம் ‘சுகம்’ என்று நினைக்கத் தோன்றும். அது ஆங்கிலத்துச் சர்க்கரை! வளையம் போன்ற சர்க்கரைப் பொருள் அது. தளர்த்தும் மருந்தை வளையத்துக்குள் பிடித்து அடைத்துவிடும்.

இந்த நேரத்தில்தான் மூக்குக் குழல் இரண்டாம் முறை கைகொடுக்கிறது. மயக்கத்துக்கு முன்பு குடத்தை நிரப்பியது. ஆபரேஷனில் உயிரைத் தாங்கியது. விழிக்கும்போதும் கழற்றாமல் ஓடவிடுகிறார்கள். முதல் மூச்சு எப்போது வந்தாலும், பிராண வாயு வாசலிலேயே காத்திருக்கும். வாயில் குழாய் இல்லாததால், அதை உருவும்போது வரும் இருமலும் இல்லை. ஈரக் காற்று, புண்பட்ட தொண்டையைக் காயவிடுவதில்லை. எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல முடியாது. பலருக்குச் சாதாரண முகமூடியே போதும். வழி சுருங்கியவர்களுக்கும் பருத்தவர்களுக்கும்தான் இதன் அருமை தெரியும்.

விரல் கிளிப் சொல்லாதது

விரலில் மாட்டும் கிளிப்பை இப்போது எல்லோருக்கும் தெரியும். கொரோனாவின்போது வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். அந்தக் கருவியின் தத்துவத்தை 1974-ல் ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி கண்டார். கருவி வீடுகளுக்குள் புகுந்த 2020-ம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

கிளிப் காட்டுவது பிராண வாயுவை மட்டுமே. அதிவேகக் குழல் ஓடும்போது எண் 98 என்று அழகாக நிற்கும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம். கிளிப்புக்கு அது தெரியாது. அதிகம் ஏறினால் நோயாளி மந்தமாகிவிடுவார். நாடி வேகமாக அடிக்கும். ஆகவே நல்ல நர்சு எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? கூப்பிட்டால் திரும்புகிறாரா? மூச்சில் ‘கீ’ என்ற சத்தம் வருகிறதா? இவற்றைப் பார்க்கிறாள். மூச்சு ஒழுங்காகத் திரும்பினால், தேங்கிய கரியமில வாயு சில நிமிடங்களில் வெளியேறிவிடும்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்தார், “ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றார்களே, ஏன் இன்னும் காட்டவில்லை?” என்று பதறுவார்கள். உள்ளே நடப்பது இதுதான்.

ஓர் எச்சரிக்கை. அதிவேகக் குழல் பிராண வாயுவைக் குடிக்கும் பூதம். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் மணிக்கு 3,600 லிட்டர். 7,000 லிட்டர் அடைத்த பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது! 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் பிராண வாயுவுக்கு அலைந்த கொடுமையை மறக்க முடியுமா? சுவரிலேயே குழாய் வழியாகப் பிராண வாயு வரும் ஆஸ்பத்திரிக்குத்தான் இந்த முறை சரிப்படும்.

நோயாளி விழித்துவிட்டார். தலைமாடு உயர்த்தியிருக்கிறது. தாகம். தண்ணீர் உடனே கிடையாது. தொண்டை மரத்திருப்பதால் புரையேறும். கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். பிறகு ஒரு வாய், சிறிய வாய்.

அவருக்குப் பேச வேண்டும் போலிருக்கும். குரல் வருகிறதா என்று பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? குரல் நாணில் கத்தி பட்டிருந்தால், டாக்டர் சொல்லும் நாள்வரை பேச்சு கூடாது. குசுகுசுவென்று ரகசியம் பேசுவதும் கூடாது. அதுவும் நாண்களை வருத்தும். தலைமாட்டில் ஒரு காகிதமும் பென்சிலும் வைத்திருப்பார்கள். “வீட்டில் எல்லோரும் வந்திருக்கிறார்களா?” என்பதை அதில் எழுதித்தான் கேட்க வேண்டும்.